டிராம், படகு, மலை ரயில்: பினாங்குத் தீவின் பொதுப் போக்குவரத்து வரலாறு

மலாக்கா நீரிணையின் வடவாயிலில், மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையை ஒட்டி அமைந்துள்ள பினாங்குத் தீவு, கடற்கரை விடுதிகளுக்கும் மலைவாசத்துக்கும் பழைய நகரத் தெருக்களுக்கும் உணவுக் கடைகளுக்கும் பெயர்பெற்ற விடுமுறைத் தலமாக இன்று அறியப்படுகிறது. அத்தீவுக்கு வரும் பயணி ஏறி இறங்கும் பேருந்துகளும் படகுகளும் அவருக்காகவே உருவானவை என்று எண்ணத் தோன்றும்; வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. துறைமுகத்தில் சுமை இறக்கியோரும், சந்தைக்குக் காய்கறி கொண்டுவந்தோரும், கோயில் திருவிழாவுக்குக் கூடியோரும், பிற்காலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்றோருமே அவ்வழிகளை உண்டாக்கினர். விருந்தினர் அவற்றில் பின்னர் இடம் பெற்றனர். உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட மலை ரயில் ஒன்றே இதற்கு விலக்கு எனலாம். அதுவும் எல்லா இனத்தவரும் ஏறிச்செல்லும் பொது ஊர்தியாக மாறிய பிறகே தீவின் அடையாளமாயிற்று. இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், உள்ளூர் மக்களுக்குப் பொதுப் போக்குவரத்து செம்மையாக இருந்த காலங்களிலேயே விருந்தினரும் தீவை எளிதாகச் சுற்றிவர முடிந்தது என்பது புலனாகும்.

நிலமும் வழிகளும்

பினாங்குத் தீவின் பரப்பு முந்நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. சிறிய தீவாயினும் அதன் நடுவே வடக்குத் தெற்காக மலைத்தொடர் எழுந்து நிற்பதால், கிழக்கிலிருந்து மேற்குக்கு நேராகச் செல்லும் வழிகள் அரியவை. சாலைகள் பெரும்பாலும் மலையைச் சுற்றியே செல்ல வேண்டியுள்ளன. வடகிழக்கு முனையிலுள்ள தட்டையான நிலத்தில் ஜார்ஜ் டவுன் நகரம் அமைந்தது. வடகரையில் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பாகாங் ஆகிய ஊர்கள் மலைக்கும் கடலுக்கும் இடையிலான ஒடுங்கிய பட்டையில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. மலைக்கு மேற்கே வயல்களும் பழத்தோட்டங்களும் சூழ்ந்த பாலிக் பூலாவ் இருக்கிறது. நகரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் என்னும் ஊரும், அதற்கு மேலே தமிழர்கள் கொடிமலை என்றழைக்கும் பினாங்கு மலையும் உள்ளன. கடற்கரை, மலை, துறைமுகம் என்னும் இம்மூன்றையும் இணைப்பதே தீவின் போக்குவரத்துக்கு என்றும் இருந்துவந்துள்ள பணியாகும்.

1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் இத்தீவைக் கைக்கொண்டபோது, அதன் பெரும்பகுதி காடாகவே கிடந்தது. காட்டை வெட்டி வழியமைக்கும் வேலையில் இந்தியாவிலிருந்து வந்த கூலியாட்களும், நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர். கம்பெனி ஆட்சியின் கீழ் தண்டனை பெற்ற இந்தியர்களைக் கடல்கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்பி, சாலை, பாலம், கட்டடம் ஆகிய பொதுப்பணிகளில் பயன்படுத்தும் முறை பினாங்கில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் நீடித்தது. இன்று பேருந்துகள் ஓடும் பழைய சாலைகள் பலவற்றின் அடித்தளத்தில் பெயர் பதிவாகாத இம்மனிதர்களின் உழைப்பு கிடக்கிறது. தீவின் போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் வண்டிகளுக்கு முன்னர் இவர்களை நினைவுகூர்வதே முறை.

மாட்டுவண்டியும் டோலியும் ரிக்‌ஷாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தீவின் சரக்குகளை மாட்டுவண்டிகளே சுமந்தன. மாடு பழக்குவதிலும் வண்டியோட்டுவதிலும் தேர்ந்த தமிழர்கள் இத்தொழிலில் மிகுதியாக இருந்தனர். துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே சரக்கைக் கடத்திய தொங்காங் எனப்படும் தட்டைப் படகுகளிலும், கரையில் சுமையேற்றி இறக்கும் வேலையிலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தனர். நகரின் நடுவே செல்லும் சூலியா தெருவும், 1801ஆம் ஆண்டளவில் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அச்சமூகத்தின் பழமைக்குச் சான்று கூறுகின்றன.

வசதியுள்ளோர் குதிரை பூட்டிய வாடகை வண்டிகளில் சென்றனர். புழுக்கத்திலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் தப்ப எண்ணிய ஐரோப்பிய அதிகாரிகளும் வணிகர்களும் கொடிமலைக்குச் சென்று தங்கினர். லைட்டின் காலத்திலேயே மலைமீது பாதை வெட்டப்பட்டதனால், ஆசியாவில் பிரித்தானியர் அமைத்த மலைவாசத் தலங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. மேலே செல்ல விரும்பியோர் மட்டக் குதிரையில் ஏறினர். இயலாதோர் டோலியில், அதாவது மூங்கில் கழிகளில் பொருத்திய நாற்காலியில் அமர, கூலியாட்கள் அதைத் தோளில் தூக்கிச் சென்றனர். மலையுச்சியிலுள்ள முருகன் கோயில், அங்குப் பணியாற்றிய இந்தியச் சிப்பாய்களும் இந்த டோலி தூக்கியோரும் வழிபட்ட சிறு கோயிலிலிருந்து வளர்ந்தது என்று கூறப்படுகிறது. ஒருவரின் ஓய்வுக்காகப் பலர் மலையேறிச் சுமந்த அந்த முறையே தீவின் விடுமுறைப் போக்குவரத்துக்குத் தொடக்கம் என்பதை மறைக்க இயலாது.

1880களில் ரிக்‌ஷா வந்தது. ஜப்பானில் தோன்றி, ஷாங்காய் வழியாகத் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குப் பரவிய இந்த இருசக்கர இழுவண்டியைச் சீனத் தொழிலாளர்கள் ஓடி இழுத்தனர். நகருக்குள் குறுந்தொலைவு செல்ல மலிவான ஊர்தியாக அது அமைந்ததனால் நடுத்தர மக்களும் அதைப் பயன்படுத்தினர். இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் மிதிவண்டியோடு இணைந்த மூன்று சக்கர வண்டி அதன் இடத்தைப் பிடித்தது. பினாங்கின் மூன்று சக்கர வண்டியில் பயணி முன்புறமும் மிதிப்பவர் பின்புறமும் அமர்வது வழக்கம். சிங்கப்பூரில் மிதிப்பவர் பயணிக்குப் பக்கத்தில் இருப்பார். பள்ளிப் பிள்ளைகளையும் சந்தைக்குச் செல்லும் பெண்களையும் ஏற்றிவந்த இவ்வண்டி, இன்று பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளையே நம்பிப் பூ அலங்காரத்துடன் ஓடுகிறது. அன்றாடப் பயன்பாட்டை இழந்த ஓர் ஊர்தி காட்சிப் பொருளாக மட்டுமே எஞ்சுவதற்கு இது தெளிவான சான்று.

டிராமும் மின்கம்பிப் பேருந்தும்

ஒரே வண்டியில் பலர் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட தடத்தில் செல்லும் பொதுப் போக்குவரத்து, நீராவி டிராமுடன் பினாங்கில் தொடங்குகிறது. டிராம் என்பது தெருவின் தரையோடு தரையாகப் பதித்த தண்டவாளத்தில் ஓடும் நகர வண்டி. 1880களில் துறைமுகப் பகுதியிலிருந்து மலையடிவாரத்தை நோக்கி நீராவி டிராம் ஓடத் தொடங்கியது. சில காலம் குதிரைகள் இழுத்த டிராமும் இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கப்பல் போக்குவரத்து பெருகி, உள்நாட்டின் ஈயச் சுரங்கங்களுக்குச் செல்லும் தொழிலாளரும் வணிகரும் பினாங்கில் வந்திறங்கியதால் நகரம் விரைந்து வளர்ந்த காலம் அது. ஆர்மீனியரான சார்க்கிஸ் சகோதரர்கள் இக்காலத்தில்தான் கடலோரத்தில் விடுதி தொடங்கினர். ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் என்னும் பெயரில் அது இன்றும் இயங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகராட்சி மின்னாற்றல் உற்பத்தியைத் தன் பொறுப்பில் மேற்கொண்டது. பகலில் மின்விளக்குகளுக்குத் தேவை குறைவாதலால், அவ்வேளையில் மின்சாரத்தைப் பயன்படுத்தும் டிராம் சேவை, மின்நிலையம் நடத்தும் நகராட்சி எதற்கும் பொருத்தமான துணைத் தொழிலாக அக்காலத்தில் கருதப்பட்டது. 1906ஆம் ஆண்டளவில் மின் டிராம்கள் ஓடத் தொடங்கின. படகுத்துறையை ஒட்டிய வெல்ட் கீ கரையிலிருந்து நகரின் கடைத்தெருக்களைக் கடந்து ஆயர் ஈத்தாம் வரை சென்ற வழியே இவற்றுள் முதன்மையானது. சந்தைக்குச் செல்லும் காய்கறிக்காரரும், ஆயர் ஈத்தாமில் அக்காலத்தில் எழுந்துகொண்டிருந்த கெக் லோக் சி என்னும் பெரிய பௌத்தக் கோயிலுக்குச் செல்லும் பக்தரும், கப்பலிலிருந்து ஒரு நாள் இறங்கி ஊர் பார்க்க வந்த பயணியும் அந்த ஒரே வண்டியில் அமர்ந்தனர்.

தண்டவாளத்தைப் பேணுவதும் புதுப்பிப்பதும் பெருஞ்செலவு பிடிப்பவை. குறுகிய தெருக்களில் ரிக்‌ஷாவும் மாட்டுவண்டியும் மோட்டார் வண்டியும் நெருங்கிய நிலையில், விலகிச் செல்ல இயலாத டிராம் இடையூறாகவும் தோன்றியது. ஆகவே நகராட்சி 1925இல் மின்கம்பிப் பேருந்துகளை அறிமுகப்படுத்தியது. டிராலி பஸ் எனப்படும் இவ்வண்டி, மேலே கட்டிய இரு மின்கம்பிகளிலிருந்து நீண்ட கோல்களின் வழியாக மின்சாரம் பெற்று, ரப்பர்ச் சக்கரங்களில் ஓடுவது. டிராமில் மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்பிச் செல்வதால் மேலே ஒரு கம்பி போதும். தண்டவாளம் இல்லாத இவ்வண்டிக்கு இரண்டு கம்பிகள் தேவைப்பட்டன. ஓசையும் புகையும் இல்லாத இவ்வண்டிகள் படிப்படியாகப் பெருக, 1936இல் டிராம் சேவை முடிவுற்றது. போர்க்காலத்தில் 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியையும் கடந்து நின்ற மின்கம்பிப் பேருந்துகள், நகரம் 1957 ஜனவரி 1 அன்று மாநகரத் தகுதி பெற்றபோதும் ஓடிக்கொண்டிருந்தன. டீசல் பேருந்தின் மலிவும், எந்தத் தெருவுக்கும் திருப்பிவிடத்தக்க அதன் இயல்பும் மேலோங்கிய நிலையில், 1961இல் அவை நிறுத்தப்பட்டன. நகருக்குள் மின்சாரத்தால் ஓடும் பொது ஊர்தியை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கொண்டிருந்த தீவு, அத்துடன் முழுமையாக எண்ணெய் எஞ்சினுக்கு மாறியது.

கொடிமலை ரயில்

டோலிக்கு மாற்றாக மலைக்கு ரயில் அமைக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. அப்போது தனியார் முயற்சியில் கட்டப்பட்ட பாதை செயல்படாமல் கைவிடப்பட்டது. பின்னர் அரசு அப்பணியை ஏற்று, மலாய் நாடுகளின் ரயில்வேயில் பொறியாளராக இருந்த ஆர்னால்ட் ஜான்சனிடம் ஒப்படைத்தது. 1920 முதல் 1923 வரை நடந்த கட்டுமானத்துக்கு ஏறத்தாழ 15 லட்சம் நீரிணைக் குடியேற்ற டாலர் செலவாயிற்று. 1923 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அப்பாதையை, 1924 ஜனவரி 1 அன்று ஆளுநர் சர் லாரன்ஸ் கில்லிமார்ட் முறைப்படி தொடங்கிவைத்தார்.

இது கம்பிவட ரயில் வகையைச் சேர்ந்தது. செங்குத்தான சரிவில் சாதாரண ரயிலின் சக்கரங்கள் வழுக்கும் என்பதால், ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகளைப் பிணைத்து, மேலேயுள்ள உருளையின் வழியே அவ்வடத்தைச் செலுத்துவது இதன் அமைப்பு. ஒரு பெட்டி இறங்கும்போது அதன் எடை மற்றொன்று ஏறுவதற்கு உதவுகிறது. மின்பொறி இரண்டுக்கும் உள்ள எடை வேறுபாட்டையும் உராய்வையும் மட்டும் ஈடுசெய்தால் போதும். கிணற்றின் இராட்டினத்தில் இரு முனையிலும் வாளி கட்டி நீர் இறைப்பதைக் கண்டோர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். பாதையின் நடுவில் மட்டும் தடம் இரண்டாகப் பிரிந்து, எதிரெதிரே வரும் பெட்டிகள் விலகிச் செல்ல இடம் தருகிறது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள கொடிமலைப் பாதை தொடக்கத்தில் மேல், கீழ் என இரு பகுதிகளாக, தனித்தனி வடங்களோடு இயங்கியதால், பயணிகள் நடுநிலையத்தில் இறங்கி மறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. மேலே சென்று சேர அரைமணி நேரம் ஆயிற்று.

ஐரோப்பியரின் மலைமாளிகைகளை எண்ணித் திட்டமிடப்பட்ட இந்த ரயில், திறக்கப்பட்டதும் வேறொரு விளைவை உண்டாக்கியது. அதுவரை டோலிக்கும் குதிரைக்கும் செலவிடக்கூடியவர்களுக்கே எளிதில் எட்டிய மலையுச்சி, பயணச்சீட்டு வாங்கக்கூடிய எவருக்கும் திறந்துவிடப்பட்டது. நகரத்துச் சீனக் குடும்பங்களும் மலாய்க்காரரும் தமிழரும் விடுமுறை நாள்களில் மேலே சென்றனர். மலைச்சரிவுகளில் குடியிருந்தோருக்கு இடைவழி நிறுத்தங்கள் பயன்பட்டன. 1977இல் மரப்பெட்டிகளுக்குப் பதிலாகச் சுவிட்சர்லாந்திலிருந்து புதிய பெட்டிகள் வந்தன. 2010இல் சேவை நிறுத்தப்பட்டுப் பாதை முழுவதும் புதுப்பிக்கப்பட்டது; 2011 முதல் அடிவாரத்திலிருந்து உச்சிவரை நடுவில் மாறாமல் செல்லும், நூறு பேர் ஏறக்கூடிய பெட்டிகள் ஓடுகின்றன. விரைவு கூடிற்று, அதனுடன் மலையின் தாங்குதிறனுக்கு மேல் கூட்டம் சேரும் சிக்கலும் கூடியிருக்கிறது.

கடலைக் கடக்கும் வழி

தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள கால்வாய், ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலமுடையது. சம்பான் எனப்படும் துடுப்புப் படகுகளே முதலில் ஆட்களைக் கடத்தின. ஒழுங்கான நீராவிப் படகுச் சேவையை 1894இல் உள்ளூர்த் தொழில்முனைவரான குவா பெங் கீ தொடங்கினார். 1920களின் நடுப்பகுதியில் துறைமுக வாரியம் அச்சேவையை ஏற்று, மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் படகுகளை இயக்கியது. மலேசியத் தமிழர்கள் பெரி என்று குறிப்பிடும் இப்படகு, தீவு வாழ்வின் நீக்கமுடியாத உறுப்பாயிற்று.

ரயில் பெருநிலத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் ரயில்வே நிர்வாகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஜார்ஜ் டவுனின் படகுத்துறை அருகே மணிக்கூண்டுடன் கூடிய பெரிய கட்டடம் ஒன்றை எழுப்பிற்று. அங்கே பயணச்சீட்டு வாங்கியவர் படகில் ஏறிக் கால்வாயைக் கடந்து, பிறை என்னும் ஊரிலிருந்த நிலையத்தில் ரயிலைப் பிடித்தார். தண்டவாளமே இல்லாத தீவில் அமைந்த இந்த ரயில் நிலையம், படகையும் ரயிலையும் ஒரே பயணமாக இணைத்துக் காட்டிய ஏற்பாடு. 1967இல் முனையம் பிறையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு, அதாவது படகுத்துறைக்கு அருகிலேயே, மாற்றப்பட்டபோது அவ்விணைப்பு இன்னும் எளிதாயிற்று.

தமிழகத்திலிருந்து வந்தோருக்குத் தீவின் வாயில் கப்பல்துறையே. 1926இல் ஓடத் தொடங்கிய ராஜுலா போன்ற கப்பல்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்டுப் பினாங்கில் முதலில் நின்று, பின்னர் கிள்ளான் துறைமுகத்துக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. தோட்டத் தொழிலாளர், வணிகர், ஊருக்குச் சென்று திரும்பும் குடும்பத்தினர் எனப் பல்லாயிரம் பேர் இவ்வழியாக வந்து, இங்கிருந்து படகிலும் ரயிலிலும் உள்நாட்டுக்குப் பிரிந்தனர். தைப்பூசத்தின்போது இதே வழிகள் எதிர்த்திசையில் நிறைந்தன. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய தேர் ஊர்வலத்தைக் காணவும் தண்ணீர்மலையில் முருகனை வழிபடவும் பெருநிலத்தின் தோட்டங்களிலிருந்து மக்கள் ரயிலேறிப் படகில் கடந்து வந்தனர். தீவின் போக்குவரத்துக்கு ஆண்டுதோறும் வைக்கப்படும் பெருஞ்சோதனையாக அந்நாள் இன்றும் விளங்குகிறது.

நெரிசலின் பேரிழப்பையும் இவ்வழி கண்டிருக்கிறது. 1988 ஜூலை 31 அன்று, சமய விழாக்களையொட்டி மக்கள் திரண்டிருந்த வேளையில், பட்டர்வொர்த் படகு நிலையத்தின் மேல்தளம் சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். பொதுமக்கள் கூடும் போக்குவரத்துக் கட்டடங்களைப் பேணுவதில் காட்ட வேண்டிய கருத்தூன்றலை அந்நிகழ்வு என்றும் வற்புறுத்தும்.

நிறங்களால் அறியப்பட்ட பேருந்துகள்

நகராட்சியின் வண்டிகள் நகர எல்லைக்குள் ஓடியபோது, அதற்கு அப்பாலுள்ள ஊர்களைத் தனியார் பேருந்து நிறுவனங்கள் இணைத்தன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித் திசையும் தனி நிறமும் இருந்தன. ஹின் நிறுவனத்தின் நீலப் பேருந்துகள் வடகரை வழியே தஞ்சோங் பூங்காவையும் பத்து பெரிங்கியையும் தெலுக் பாகாங்கையும் நோக்கிச் சென்றன; மஞ்சள் பேருந்துகள் தெற்கே பாயான் லெப்பாஸையும் மலைக்கு அப்பாலுள்ள பாலிக் பூலாவையும் அடைந்தன; லிம் செங் செங் நிறுவனத்தின் பச்சைப் பேருந்துகள் ஆயர் ஈத்தாம் வழியில் ஓடின. எழுத்தறியாதவரும் வெளியூரவரும் வண்டியின் நிறத்தைக் கண்டே திசையை அறிந்துகொள்ள முடிந்த இம்முறை, அச்சிட்ட வழிகாட்டி எதனினும் பயனுடையதாக இருந்தது.

1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்து, வேலையின்மை பெருகியது. அவ்வாண்டு முதல் 1990 வரை முதலமைச்சராக இருந்த லிம் சோங் இயூ, தொழிற்சாலை, சுற்றுலா ஆகிய இரண்டையும் மாநிலத்தின் புதிய வாழ்வாதாரங்களாக முன்னிறுத்தினார். 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை உருவானது. வடகரையில் 1973இல் திறக்கப்பட்ட ராசா சாயாங் உள்ளிட்ட கடற்கரை விடுதிகள் எழுந்தன. தொழிற்சாலைகள் தம் பணியாளர்களை ஏற்றிவரத் தனிப் பேருந்துகளை ஏற்பாடு செய்தன. விடுதிகளும் தம் விருந்தினருக்குத் தனி வண்டிகளை வைத்துக்கொண்டன. இவ்வாறு இரண்டு பெரிய பயணியர் கூட்டங்கள் பொதுப் பேருந்தை நம்ப வேண்டிய தேவையிலிருந்து விலகியது அதன் வலிமையைக் குறைத்தது. வருமானம் குறையக் குறைய வண்டிகள் பழுதடைந்தன. நேர ஒழுங்கு தளர்ந்தது. வழித்தடங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. வசதி பெற்ற உள்ளூர் மக்கள் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மாறினர்.

பாலமும் அதன் பின்னும்

1985 செப்டம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட பினாங்குப் பாலம், 13.5 கிலோமீட்டர் நீளத்தில் தீவைப் பெருநிலத்தோடு பிணைத்தது. எந்நேரமும் கடக்கக்கூடிய வழி கிடைத்தது என்பது பெரும் நன்மை. ஆயினும் அது கார்களுக்கான வழியாகவே அமைந்தது. முன்பு படகிலிருந்து நடந்து இறங்கி, துறையிலேயே பேருந்தில் ஏறிய விருந்தினர், இப்போது தம் காரோடு தீவுக்குள் வந்தனர். வடகரையின் ஒடுங்கிய சாலை விடுமுறை நாள்களில் அடைபட்டது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் 2014இல் தீவின் தெற்கே திறக்கப்பட்டபோதும் இந்நிலை மாறவில்லை. படகுச் சேவையின் முதன்மை தேய்ந்தது. 2021இன் தொடக்கத்தில் கார்களை ஏற்றும் பழைய படகுகள் ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்ட் முதல் பயணிகளையும் இருசக்கர வண்டிகளையும் ஏற்றும் நான்கு புதிய படகுகள் ஓடுகின்றன.

பேருந்துத் துறையில் திருப்பம் 2007 ஜூலை இறுதியில் ஏற்பட்டது. நடுவணரசுக்குச் சொந்தமான பிரசாரானா நிறுவனம் ரேப்பிட் பினாங்கு என்னும் பெயரில் தீவின் வழித்தடங்களை ஒருங்கிணைத்து இயக்கத் தொடங்கியது. படகுத்துறையையும் நகரிலுள்ள கொம்தார் கோபுரத்தையும் மையங்களாகக் கொண்ட அவ்வமைப்பில், நிறத்துக்குப் பதிலாக எண் திசையைச் சுட்டியது: நூறின் வரிசை வடகரைக்கும், இருநூறின் வரிசை ஆயர் ஈத்தாம், கொடிமலைப் பகுதிக்கும், நானூறின் வரிசை தெற்குக்கும் உரியது. படகுத்துறையில் 101இல் ஏறித் தெலுக் பாகாங் சென்று, அங்கிருந்து 501இல் மலையைச் சுற்றிப் பாலிக் பூலாவை அடைந்து, 401 வரிசைப் பேருந்தில் நகரம் திரும்பும் பயணி, தனியார் வண்டி எதையும் நாடாமல் தீவை முழுவதும் வலம்வர இவ்வமைப்பு இடம் தந்தது. 2008இல் ஜார்ஜ் டவுனின் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபின், அப்பகுதிக்குள் கட்டணமில்லாச் சுற்றுப் பேருந்தும் ஓடத் தொடங்கியது. அதில் சுற்றுலாப் பயணிகளோடு சந்தைக்குச் செல்லும் முதியோரும் பள்ளி மாணவரும் ஏறுகின்றனர். அதனாலேயே அது உயிருள்ள சேவையாக இருக்கிறது.

வரலாறு உணர்த்துவது

இவ்வரலாற்றில் ஒரு முறைமை மீண்டும் மீண்டும் வெளிப்படுகிறது. டிராமும் மின்கம்பிப் பேருந்தும் நிறப் பேருந்துகளும் பெரியும் செழித்திருந்த காலங்களில், அவை உள்ளூர் மக்களால் நாள்தோறும் நிரம்பின. அந்நிரம்புதலே அடிக்கடி வண்டி வருவதற்கும் கட்டணம் குறைவாக இருப்பதற்கும் காரணமாயிற்று. அதன் பயனை விருந்தினரும் பெற்றனர். தொழிலாளிக்கு ஒரு வண்டி, விருந்தினருக்கு ஒரு வண்டி, வசதியுள்ளோருக்குச் சொந்தக் கார் என்று பயணியர் பிரிக்கப்பட்டபோது பொதுப் பேருந்து நலிந்தது. சாலைகள் அடைபட்டதனால் மூவருமே துன்புற்றனர். விடுமுறைக் கூட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் இயல்புடையது. ஆண்டு முழுவதும் ஒழுங்காக ஓடவேண்டிய போக்குவரத்தை அதன்மீது மட்டும் நிறுவ இயலாது. அன்றாடம் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்வோரின் மீதே நிறுவ இயலும்.

2025 ஜனவரியில் பினாங்கின் முதல் இலகு ரயில் பாதைக்கான பணி தொடங்கிவைக்கப்பட்டது. முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள அப்பாதை, தீவின் தெற்கிலிருந்து கொம்தாரையும் கடலைக் கடந்து பட்டர்வொர்த் பக்கத்தையும் இணைக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. 1961இல் மின்கம்பிகள் இறக்கப்பட்ட நகருக்கு மின்சாரப் பொதுப் போக்குவரத்து மீண்டும் வருவது வரவேற்கத்தக்கது. அதன் நிலையங்களிலிருந்து பாலிக் பூலாவுக்கும் வடகரைக்கும் மலையடிவாரத்துக்கும் பேருந்துகள் காலந்தவறாமல் புறப்படுமா, படகிலிருந்து இறங்குபவர் நடந்தே அடுத்த வண்டியை அடைய இயலுமா என்பவற்றைக் கொண்டே அதன் வெற்றியை அளவிட வேண்டும். பினாங்கிற்குச் செல்லும் தமிழ் வாசகர்கள் இயன்றவரை பெரியிலும் பேருந்திலும் மலை ரயிலிலும் பயணம் செய்வது, தம் முன்னோரின் உழைப்பும் கலந்து உருவான அவ்வழிகளை வாழவைக்கும் செயலாகும். ஆட்சியாளர்கள் அவ்வழிகளை முதலில் தீவின் மக்களுக்காகவே செம்மைப்படுத்துவது, விருந்தினருக்குச் செய்யும் மிகச்சிறந்த உபசரிப்பும் ஆகும்.